கழித்துப்போட்ட மஞ்சள் தேயிலை

ரொறொன்ரோவின் வடகிழக்கு ஓரத்தில், மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதிக்குச் சற்றுத் தெற்கே ஒரு பிளாசாவின் பின்வரிசையில் இருந்தது அந்தத் தேயிலைக் கடை. ஒரு பக்கம் மீன் கடை, மறுபக்கம் பல் வைத்தியர். கடை என்று சொன்னாலும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நாலு தட்டும் ஒரு மேசையும்தான். மிச்சமெல்லாம் கிடங்கு. சீனாவிலிருந்து பெட்டி பெட்டியாகத் தேயிலை வரும். அதை உடைத்து, நிறுத்து, சின்னப் பைகளில் அடைத்து, லேபல் ஒட்டி அனுப்புவது என் வேலை. நான் சொல்லப்போகும் வசந்தத்தில் அங்கே எட்டு மாதம் முடித்திருந்தேன். எனக்கு எட்டு மாதம் பெரிய காலம்.

நான் ஓரிடத்தில் நிற்கிற ஆள் இல்லை. கனடாவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அறைக்குள் ஐந்து பேர் இருந்தோம். அப்போது கோப்பை கழுவினேன். பிறகு கூரை வேலை, பேப்பர் போடுவது, கோழி வெட்டும் தொழிற்சாலை, அல்பேர்ட்டா வரை ட்ரக். யாரும் என்னைத் துரத்தவில்லை. ஒரு நாள் காலையில் எழும்பும்போது அந்த இடம் முடிந்துவிட்டது என்று தெரியும், போய்விடுவேன். மனைவி இருந்தார், இப்போது வேறு மாகாணத்தில் இருக்கிறார். அதில் சொல்ல எதுவும் இல்லை. தேயிலைக் கடைக்கு வருவதற்கு முந்திய பனிக்காலம் முழுவதும் காரில்தான் படுத்தேன். உடம்பில் சீனி வருத்தம் இருந்ததால் கால் விரல்கள் ஏற்கெனவே மரத்திருந்தன. அதனால் குளிர் பெரிதாகத் தெரியவில்லை. தெரியாததுதான் ஆபத்து என்று வைத்தியர் சொன்னார். இரண்டு விரல்களின் நகம் கறுத்துக் கழன்றுபோனது. இன்னொரு பனிக்காலம் காரில் படுத்தால் விரலே போகும் என்றார். அதன்பிறகு ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில், நிலக்கீழ் அறையில், ஒரு கட்டிலை வாடகைக்கு எடுத்தேன்.

கடையின் முதலாளி ஒரு சீனப் பெண்மணி, அறுபதைத் தாண்டியவர். ஹூனான் மாகாணத்தில் ஒரு பெரிய ஏரிக்கரையில் பிறந்தவர். நாங்கள் எல்லோரும் அவரைப் பொஸ் என்போம். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே அளவு, ஆகவே எங்களுக்குள் சண்டை வரவில்லை. அவர் சொன்னவற்றை இங்கே தமிழில் எழுதுகிறேன். வேலை கேட்டுப் போனபோது, இலங்கையில் தேயிலைத் தொழிற்சாலையில் ஐந்து வருடம் இருந்தேன் என்று அவரிடம் சொன்னேன். உண்மையில் பதினான்கு மாதம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, மலைநாட்டில் ஹற்றன் பக்கம் போய் மூட்டை சுமந்தேன். ஆனால் அந்தப் பதினான்கு மாதத்தில் ஒன்றை நன்றாகப் பழகினேன். மூட்டைக்குள் கிடந்து சூடேறிய கொழுந்து கெட்ட கொழுந்து. நிறம் மாறிய இலை கழிவு. தேயிலையின் பக்குவம் பார்க்கிற அதிகாரி, ரீமேக்கர், வந்து மூட்டைக்குள் கையை விட்டுப் பார்ப்பார். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் சுமந்தவனின் கன்னத்தில் விழும். என் கன்னத்திலும் விழுந்திருக்கிறது.

சித்திரை மாதக் கடைசியில், பேஸ்மென்ற் வீட்டுக்கார அன்ரி படியில் நின்றபடியே சொன்னார்.

“தம்பி, குறை நினையாதேங்கோ. வீட்டை வித்துப்போட்டம். வாங்கின ஆக்கள் பேஸ்மென்றை உடைச்சுக் கட்டப் போகினமாம். வைகாசி முடியமுதல் விடவேணும்.”

“சரி அன்ரி.”

“சரி எண்டால்? எங்க போவியள்?”

“பாப்பம் அன்ரி.”

மறுநாள் இதை எங்கள் கடை வான் ஓட்டுநரிடம் சொன்னேன். யாழ்ப்பாணத் தீவுப்பக்கத்து ஆள், என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். கடைகளுக்குச் சாமான் இறக்குவதும், இறக்கும்போது எல்லோரையும் நக்கலடிப்பதும் அவன் தொழில். கேட்டதும் நக்கலை விட்டுவிட்டு, தன் மச்சானுக்கு அங்கேயே நின்று போன் எடுத்தான். மச்சான் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தைப் பராமரிக்கிற சூப்பரின்டென்டன்ற்.

“அண்ணை, ஒரு பச்சிலர், ஒத்தையறை வீடு, வெறுமையாக் கிடக்காம். கனபேர் கேட்டுக்கொண்டிருக்கினம். மச்சான் அடுத்த கிழமை வெள்ளி பின்னேரம் நாலு மணி மட்டும் பிடிச்சு வைப்பானாம். ஆனா ஒபிசுக்காரருக்கு வேலைக் கடிதம் வேணுமாம். நிரந்தர வேலை எண்டு இருக்கவேணும். சும்மா அங்க இங்க போய்வாற ஆளெண்டால் தூக்கி எறிஞ்சுபோடுவினம்.”

“நான் அங்க இங்க போய்வாற ஆள்தானே.”

“அது எனக்குத் தெரியும். ஒபிசுக்குத் தெரியக்கூடாது.”

பொஸ்ஸிடம் கேட்டேன். அவர் உடனே இல்லை என்று சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. அவருடைய முறை அது. அடுத்த வியாழக்கிழமை ஒருவர் வருவார் என்றார். டவுன்ரவுனில் தேநீர்க் கூடம் வைத்திருப்பவர், வருடாவருடம் வசந்தகால மஞ்சள் தேயிலையை மொத்தமாக எடுப்பவர். அவர் எடுத்தால்தான் கடை அடுத்த வருடமும் இருக்கும். எடுத்தால் ‘நிரந்தரம்’ என்று எழுதித் தரலாம்.

“எடுக்காவிட்டால்?” என்று கேட்டேன்.

“எடுக்காவிட்டால் நீ இங்கே வேலை செய்கிறாய் என்று எழுதுவேன். அதுவும் உண்மை. உண்மை இல்லாததை நான் எழுதுவதில்லை.”

அந்த மஞ்சள் தேயிலை அப்போதுதான் வந்திருந்தது. ஒரு மரப்பெட்டி, அதற்குள் வெள்ளித்தாள் பை. அவர் பிறந்த ஊருக்கு எதிரே ஏரிக்குள் ஜுன்ஷான் என்று ஒரு தீவு இருக்கிறதாம். அந்தத் தீவின் தேயிலை அது. இலையே கிடையாது, மொட்டு மட்டும். ஒவ்வொன்றும் ஊசிபோல நீளமாக, மேலே வெள்ளைப் பூமயிரோடு இருக்கும். முன்பு அரண்மனைக்குப் போனதாம். ஆனால் எங்கள் கடையில் அரண்மனைக்குப் போகாத தேயிலையே இல்லை. ஒவ்வொரு பெட்டியிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கும். அதனால் நான் கவனம் கொடுக்கவில்லை. வான் ஓட்டுநர் பைக்குள் எட்டிப் பார்த்தான்.

“அண்ணை, உது தேயிலையோ, பூனையின்ர மீசையோ?”

“மஞ்சள் தேயிலையாம்.”

“மஞ்சளை எங்க காணேல்லை? எங்கட ஆக்களுக்கு உதை ஊத்திக் குடுத்தா, ஆருக்குக் காய்ச்சல் எண்டு கேப்பினம்.”

பொஸ் ஒரு பிடி எடுத்து ஊறவைத்துக் குடித்துப் பார்த்தார். இரண்டாம் முறையும் குடித்தார். இந்த வருடம் ரொறொன்ரோத் தண்ணீர் சரியில்லை, நாக்கில் கடிக்கிறது என்றார். பிறகு பையைக் கட்டிவைத்தார்.

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்கு அந்த வாரமே வெள்ளிக்கிழமை சத்திரசிகிச்சை வைத்திருந்தார்கள். போவதற்கு முதல் என்னைக் கூப்பிட்டு, மரப்பெட்டியைக் காட்டினார்.

“நான் புதன் வருவேன். அதற்குள் இதைப் பொறுக்கிப் பிரித்து வை. கெட்டதை எடு. நல்லதை விடு. நீ ஐந்து வருடம் பார்த்தவன். உனக்குத் தெரியும்.”

தெரியும் என்றேன்.

சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். வெள்ளைத் தட்டில் மொட்டுகளைக் கொட்டி, ரியூப்லைற்றுக்குக் கீழே வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கையால் செய்கிற வேலையில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். யோசிக்கத் தேவையில்லை. முதல் நாளிலேயே பெட்டிக்குள் இரண்டு வகை இருப்பது தெரிந்தது. ஒரு வகை பச்சை, பளிச்சென்று, அப்போது கிள்ளியதுபோல இருந்தது. மற்றது மங்கல், பழுத்த வைக்கோல் நிறம். மூக்குக்குக் கிட்டப் பிடித்தால் பச்சையில் புல் மணந்தது. மங்கலில் அந்த மணம் இல்லை. ஹற்றன் ரீமேக்கரின் கை எனக்கு ஞாபகம் வந்தது. இது சூடேறிய சரக்கு. எங்கேயோ மூட்டைக்குள் கட்டிக் கிடந்து பழுதாகியிருக்கிறது. நல்ல சரக்கோடு கலந்து எங்கள் பொஸ்ஸின் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

நாலு நாளும் மங்கலைப் பொறுக்கினேன். பெட்டியில் மூன்றிலொன்றுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. கடைசி நாளில் முதுகு நிமிரவில்லை. பொறுக்கியதை ஒரு கடதாசிப் பையில் போட்டு, குப்பைக்குப் போகிற பெட்டிகளின்மேல் வைத்தேன். பச்சையை மரப்பெட்டிக்குள் அழகாக அடுக்கினேன். அதை மூடும்போது கடிதத்தை நினைத்தேன். இவ்வளவு சுத்தமான சரக்கைப் பார்த்தால் வியாழக்கிழமை வருகிறவர் எப்படி எடுக்காமல் போவார் என்று நினைத்தேன்.

புதன் காலை பொஸ் வந்தார். வலது கண்மேல் ஓட்டைபோட்ட பிளாஸ்ரிக் மூடி, அதற்குமேல் கறுப்புக் கண்ணாடி. உள்ளே வந்ததும் மூடியைக் கழற்றிவிட்டு நின்றபடி கடையைச் சுற்றிப் பார்த்தார். சுவருக்கு யார் பெயின்ற் அடித்தது என்று கேட்டார். யாரும் அடிக்கவில்லை என்றேன். இவ்வளவு வெள்ளையா என்றார். மரப்பெட்டியைத் திறந்து காட்டினேன்.

அவர் ஒரு கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பெட்டியைப் பார்த்தார். பிறகு இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். திரும்பவும் வலது. திரும்பவும் இடது.

“நீ எடுத்தது எங்கே?”

குப்பைப் பெட்டிகளின்மேல் இருந்து பையை எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒரு பிடியை மேசையில் கொட்டினார். பக்கத்தில் பெட்டியிலிருந்து ஒரு பிடி. மறுபடியும் ஒரு கண், மறுபடியும் மற்றக் கண்.

“இந்தக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று,” என்று இடது கண்ணைத் தொட்டார். “எல்லாம் மஞ்சள். இந்தக் கண்ணுக்கு இது மஞ்சள், அது பச்சை.”

“பச்சைதான் நல்லது பொஸ். கெட்டதை எடுத்துவிட்டேன்.”

“நீ நல்லதை எடுத்துவிட்டாய்,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. “நல்லதை எல்லாம் குப்பையின்மேல் வைத்துவிட்டாய். ஆனால் ஒன்றையும் பிழைவிடவில்லை. சரியாகத்தான் பிரித்திருக்கிறாய்.”

அதன்பிறகுதான் அந்தத் தேயிலையைப் பற்றி எனக்குச் சொன்னார். பொட்டலம் கட்டுகிற கபிலக் கடதாசி ஒன்றை எடுத்து மேசையில் விரித்து, செய்துகாட்டினார். மொட்டைக் கிள்ளி, சட்டியில் கொஞ்ச நேரம் வறுத்து, ஆறவிட்டு, இலேசாகக் காயவைக்க வேண்டும். அதுவரை பச்சைத் தேயிலைபோலத்தான். அதற்குப் பிறகு, சூடு முழுக்கப் போகமுதல், கடதாசியில் சுற்றிப் பெட்டிக்குள் மூடிவைக்க வேண்டும். இரண்டு நாள். பிறகு பிரித்து மெல்லிய நெருப்பில் காட்டி, மறுபடியும் சுற்றி இன்னொரு நாள். உள்ளே இருக்கிற ஈரமும் சூடும் தாங்களாகவே வேலை செய்யும். பச்சை போகும், புல் மணம் போகும், நாக்கைக் கடிக்கிற குணம் போகும். அவசரப்பட்டுத் திறந்தால் பச்சை. மறந்துபோய் விட்டால் பூஞ்சணம். சிச்சுவானில் ஒரு மலையிலும் அன்ஹுயியில் ஒரு மலையிலும் இப்படிச் செய்வார்கள், கடதாசிக்குப் பதிலாகச் சில இடங்களில் துணி, அவ்வளவுதான் வித்தியாசம். மற்ற இடங்களில் அந்த மூன்று நாளுக்குப் பொறுமை இல்லை என்றார்.

எனக்குக் கன்னம் சுட்டது. எங்கள் தொழிற்சாலையில் எதற்காக அடித்தார்களோ, அதையே இங்கே வேண்டுமென்று செய்கிறார்கள். அதுதான் அந்தத் தேயிலையின் முழுத் தொழிலும்.

அவர் உள்ளே போய்ப் போன் எடுத்தார். தேயிலையை அனுப்புவது ஊரில் இருக்கிற அவருடைய ஒன்றுவிட்ட தம்பி. சீன மொழி எனக்கு விளங்காது. ஆனால் அவருடைய குரல் உயரவில்லை. கனநேரம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வெளியே வந்து கதிரையில் இருந்தார்.

“எல்லோரும் இப்படித்தானாம். இப்போது ஆட்களுக்குப் பச்சைதான் பிடிக்குமாம். பேருக்குக் கொஞ்சத்தைக் கடதாசியில் சுற்றிவைப்பானாம், மிச்சத்தை அப்படியே காயவைப்பானாம். இத்தனை வருடமாக நீ ஒன்றும் சொல்லவில்லையே, இப்போது என்ன என்று கேட்கிறான்.”

“எத்தனை வருடம்?”

“அதை நான் கேட்கவில்லை,” என்றார்.

இரண்டு கண்ணாடிக் குவளைகளில் இரண்டையும் ஊறவைத்தார். கொதிக்கிற தண்ணீரை அல்ல, சற்று ஆறவிட்டதைத்தான் ஊற்றினார். மொட்டுகள் முதலில் மிதந்தன. பிறகு ஒவ்வொன்றாகத் தலைகீழாய்த் தொங்கி, மெல்லக் கீழே இறங்கி, அடியில் நிமிர்ந்து நின்றன. சில மறுபடியும் மேலே வந்து மறுபடியும் இறங்கின. மூன்று தரம் ஏறி மூன்று தரம் இறங்கும் என்றார். நான் பார்த்தவற்றில் சில ஒருதரம் இறங்கியதோடு சரி. இரண்டு குவளையிலும் அப்படித்தான் நடந்தது. பார்வைக்கு வித்தியாசம் தண்ணீரின் நிறத்தில் மட்டும்.

பச்சையைக் குடித்தேன். பச்சைப் பயற்றங்காயைக் கடித்ததுபோல இருந்தது, நாக்கின் ஓரம் சுருங்கியது. மஞ்சளைக் குடித்தேன். முதலில் ஒன்றும் இல்லை. அவித்த சோளத்தின் தண்ணீரை நினைத்தேன். விழுங்கி முடித்த பிறகு தொண்டையில் இலேசான இனிப்பு வந்தது, சீனிபோட்ட இனிப்பு இல்லை. சீனி வருத்தம் வந்த பிறகு நான் குடித்தவற்றில், சீனி போடவில்லையே என்று நினைக்கவைக்காத முதல் தேநீர் அது. எனக்குப் பிடித்ததா என்று இப்போதும் தெரியாது. குவளையை நீட்டி இன்னொருதரம் தண்ணீர் ஊற்றச் சொன்னேன்.

பிறகு சொல்லவேண்டியதைச் சொன்னேன்.

“பொஸ், நாலு நாளாகப் பிரித்ததை நாலு நிமிடத்தில் கலக்கலாம். வந்தபடியே இருக்கும். நாளைக்கு வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது.”

அவர் என்னைப் பார்த்தார். நான் ஏன் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். வெள்ளி நாலு மணி அவருக்கும் தெரியும்.

“போன வருடம் எனக்குத் தெரியாது,” என்றார். “இப்போது தெரிந்துவிட்டது.”

பெட்டியையும் பையையும் வெவ்வேறு தட்டில் வைத்துவிட்டுத் தன் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடப் போனார். நான் மற்றப் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டினேன். அவர்மீது கோபம் வரவேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை. காரின் பின் சீற்றில் போர்வையை எப்படி மடித்து வைத்தேன் என்பதுதான் ஞாபகம் வந்தது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அந்த மனிதர் வந்தார். நாற்பது வயது இருக்கும், வெள்ளைக்காரர், நல்ல தாடி, துணிப்பை. பொஸ்ஸின் கண்ணை விசாரித்தார். என்னிடமும் கை கொடுத்தார். பிறகு போனைக் குவளைக்கு நேரே வைத்து, மொட்டுகள் இறங்குவதைப் படம் எடுத்துக்கொண்டே, அரசர்கள், ஏரி, தீவு, உலகத்திலேயே அரிதான தேயிலை என்று பேசினார். பொஸ் சொல்லாத பல விஷயங்கள் அவருக்குத் தெரிந்திருந்தன. அவர் போனை அணைக்கும்வரை பொஸ் காத்திருந்தார். அணைத்ததும், இரண்டாவது குவளையைப் பக்கத்தில் வைத்தார்.

“நீங்கள் படம் எடுத்தது பச்சை. இதுதான் மஞ்சள். இரண்டும் கலந்து வந்தது. இவர் பிரித்தார். போன வருடமும் கலந்துதான் வந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. மன்னியுங்கள்.”

தாடிக்காரர் இரண்டையும் குடித்தார். அவசரப்படவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். வாய்க்குள் வைத்து, கண்ணை மூடி, மறுபடியும் மாறி மாறிக் குடித்தார். பிறகு முதல் குவளையைத் தொட்டார்.

“இதில் உயிர் இருக்கிறது. மற்றது…” என்று சொல் தேடினார். “மற்றது கொஞ்சம் தட்டையாக இருக்கிறது. பழைய சரக்குப் போல. என் வாடிக்கையாளர்களுக்கு இதைக் கொடுத்தால் ஏமாற்றிவிட்டேன் என்பார்கள்.”

“இதுதான் மஞ்சள்,” என்றார் பொஸ்.

“தெரியும். நான் பச்சையை எடுக்கிறேன். பெட்டி முழுக்க. லேபல் எப்போதும்போல இருக்கட்டும்.”

“லேபல் பிழை.”

“போன வருடமும் பிழைதானே?”

“போன வருடம் எனக்கு மற்றக் கண்.”

அவர் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். பொஸ் சிரிக்கவில்லை. பச்சைத் தேயிலை என்று எழுதித் தருகிறேன், பச்சைத் தேயிலை என்று விற்றுக்கொள்ளுங்கள் என்றார். அவர் தாடியைத் தடவினார். பச்சைத் தேயிலை தன் கூடத்தில் போதிய அளவு இருக்கிறது, தன் ஆட்கள் இந்தப் பெயருக்காகத்தான் வருகிறார்கள் என்றார். இருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். துணிப்பையை வெறுமையாகவே மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். கதவு மணி அடித்து ஓய்ந்தது.

நான் குவளைகளைக் கழுவினேன். கழுவுவது எனக்கு வரும். மூன்று தரம் கழுவினேன். வான் ஓட்டுநர் பின்கதவால் வந்து என் முகத்தைப் பார்த்தான்.

“என்ன அண்ணை, தாடிக்காரன் சரக்கை எடுத்தவனோ?”

“இல்லை.”

“உங்களுக்கு விசரே? அந்த மனிசிக்கு விசரே? எங்களுக்கென்ன, மஞ்சளெண்டா மஞ்சள், பச்சையெண்டா பச்சை. குடிக்கிறவனுக்கே கவலையில்லை.”

“அவவுக்குக் கவலை.”

“அப்ப கடிதம்?”

“வேலை செய்யிறார் எண்டு எழுதித் தருவாவாம்.”

“அதைக் குடுத்தா மச்சான்ர ஒபிஸ்காரி சிரிப்பாள்.” பிறகு குரலைத் தணித்துச் சொன்னான். “ஒண்டும் சரிவராட்டி எங்கட வீட்டுச் சோபா கிடக்கு, விளங்குதே. மனிசி கத்துவா. நான் பாத்துக்கொள்ளுறன்.”

வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பொஸ் என்னை மேசைக்குக் கூப்பிட்டார். கணினித் திரைக்கு முகத்தைக் கிட்டவைத்து, இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தார். என் முழுப்பெயரைக் கேட்டார். எட்டு மாதமாக வான் ஓட்டுநர் கூப்பிடுவதைக் கேட்டு, அவரும் என்னை ‘அண்ணை’ என்றுதான் கூப்பிட்டுவந்தார். அதுதான் பெயர் என்று நினைத்திருந்தாராம். பெயரைச் சொன்னேன், மூன்று தரம் சொல்லவேண்டியிருந்தது. பிரின்ரரில் இருந்து தாள் வந்தது. கையெழுத்துப் போட்டு, கடையின் சிவப்பு முத்திரையையும் குத்தி, என்னிடம் தந்தார்.

என் ஆங்கிலத்துக்கு அந்தக் கடிதம் போதுமான அளவு சின்னதாக இருந்தது. மூன்று வரி. இரண்டாவது வரியில் அந்தச் சொல் இருந்தது. நிரந்தரம்.

“பொஸ், அவர் எடுக்கவில்லையே,” என்றேன்.

“இல்லை.”

“கடை அடுத்த வருடம்…”

“பனிக்காலம்வரை இருக்கும். அதன்பிறகு நான் வன்கூவருக்கு மகளிடம் போவேன்.”

“அப்படியென்றால் இது பிழை.”

அவர் முத்திரையைத் துடைத்து மூடினார்.

“பிழைதான். ஆனால் இதை யாரும் குடிக்கப் போவதில்லை,” என்றார். “மூன்று மணி ஆகிறது. போ.”

நான் நன்றி சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். சொல்லியிருப்பேன், சொல்வது வழக்கம். அந்த நேரம் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. தாளை மடிக்காமல் ஒரு தேயிலை உறைக்குள் வைத்து, ஜாக்கெற்றுக்குள் செருகிக்கொண்டு போனேன். என் கார் அப்போது ஓடுகிற நிலையில் இல்லை, பஸ்ஸும் பிந்தியது. நிறுத்தத்தில் ஒரு தாய் பிள்ளைக்குத் தமிழில் பேசினாள், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னது. வாகனத் தரிப்பிடங்களின் மூலையில் ஊத்தைப் பனி இன்னும் கரையாமல் கிடந்தது.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, கட்டடத்தின் ஒபிசில் ஒரு பெண் கடிதத்தை வாங்கினாள். முத்திரையைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள், துளைபோட்டுக் கோப்பில் போட்டாள். இரண்டாவது வரியை வாசித்தாளா என்று எனக்குத் தெரியாது. கையெழுத்து வைக்கச் சொன்னாள். என் பெயரில் நான் கையெழுத்துப் போட்டு எடுத்த முதல் வாடகை ஒப்பந்தம் அது, ஐம்பத்தாறு வயதில். மச்சான்காரர் சாவியைத் தந்து, “தண்ணிக் குழாய் கொஞ்சம் ஒழுகும் அண்ணை, திங்கள் வந்து பாக்கிறன்,” என்றார். மேலே போய்ப் பார்க்கச் சொன்னார். போனேன். ஒரு அறை, ஒரு சன்னல், சுவரில் பழைய ஆணி இரண்டு. தரையில் குந்தியிருந்து பார்த்தேன், எழும்பி நின்று பார்த்தேன். கால் விரல்களைச் சப்பாத்துக்குள் அசைத்துப் பார்த்தேன். தெரியவில்லை.

கடை அவர் சொன்னபடியே மார்கழியில் மூடியது. நான் இப்போது ஒரு வைத்தியசாலையின் சலவைப் பிரிவில் வேலைசெய்கிறேன். அந்த அறையில்தான் இருக்கிறேன். இரண்டு பனிக்காலம் போய்விட்டது. விரல் பத்தும் இருக்கிறது. மஞ்சள் தேயிலையைப் பிறகு எங்கும் நான் தேடவில்லை. அந்தப் பெயரில் விற்பதைக் கடைகளில் கண்டால் மூடியைத் திறந்து மணந்து பார்ப்பேன். புல் மணக்கும். மூடி வைத்துவிடுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாவியோடு கீழே வந்தபோது மணி நாலரை. ஆறு மணிவரை எனக்கு வேலை. அப்படியே போய்விட்டிருந்தாலும் பொஸ் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார், வேறு எந்த இடமாக இருந்தாலும் நான் போயிருப்பேன். திரும்பிப் போகிற பஸ்ஸைப் பிடித்தேன். கடைக்குள் போனபோது அவர் கீழே குந்தியிருந்து, மரப்பெட்டியிலிருந்த பச்சை மொட்டுகளை, மஞ்சள் தேயிலை என்று முன்பே லேபல் ஒட்டிய சின்னப் பைகளில் அடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் பழைய லேபலை உரித்துவிட்டு, பச்சைத் தேயிலை என்று கையால் எழுதி ஒட்டினார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. சாவியை மேசையில் வைத்தேன். பார்த்தார். பக்கத்தில் ஒரு வெறும் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதில் உட்கார்ந்து, நானும் லேபல்களை உரிக்கத் தொடங்கினேன்.